முனுசாமியின் ஒரு நாள் சிறுநீர்

சிறுநீரக ஆராய்ச்சிக்காரனின் பிழைப்பு பாதி ஜனங்களிடம் ரத்தம் கேட்டுக் கெஞ்சுவதிலும், மீதி அவர்களுடைய சிறுநீரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் தொங்குவதிலும் போய்விடும். எழுபதுகளில் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் படிவமும் கையுமாக அலைந்த சக பாவிகளுக்கு நான் சொல்வது புரியும்.

மிச்ச ரத்தம்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் முனுசாமியைப் பார்த்தேன். முன்பு மீன் பிடித்தவன், அப்போது கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். முகம் ஊதி, கால் வீங்கி, ஆள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தான். சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்த்தவுடனே பயந்துவிட்டேன். ஆனால் சென்னையில் எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் கட்டில் கிடைக்க என் பயம் போதாது. பரிசோதனை முடிவு வேண்டும் என்பார் புரொபசர்.

சிரிஞ்சில் கொஞ்சம் ரத்தம் எடுத்தேன். அவன் மனைவி தேசம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "டெஸ்ட்டு முடிஞ்சதும் மிச்சத்த திருப்பி ஏத்திடுவ இல்ல சார்?"

நாலு ஆள் பலம்

அடுத்தது சிறுநீர். ஒரு பகல், ஓர் இரவு போவது முழுவதையும் பிடித்து வைக்கச் சொல்லிப் பெரிய பாட்டில் ஒன்றைக் கொடுத்தேன். ரத்தத்திலிருந்து சிறுநீரகம் எவ்வளவு கழிவைப் பிரிக்கிறது என்று அதை வைத்துத்தான் கணக்குப் போடுவோம். மறுநாள் பாட்டில் கழுத்துவரை நிரம்பியிருந்தது. எனக்கு ஏக சந்தோஷம்.

முடிவைப் பார்த்த புரொபசர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ஆளுக்குச் சிறுநீரகம் கெடவில்லை ஐயா, நாலு இருக்கிறது!" என்றார். கட்டிலும் கிடையாது என்றார். விழுந்தடித்துக் குப்பத்துக்கு ஓடினேன். வலையில் ஒருவனுக்கு மீன் குறைந்தால் கூட வந்தவர்கள் ஆளுக்கொரு கை அவன் கூடையில் போடுவது அங்கே வழக்கம். தேசம்மா கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னாள்: "அவருக்கு கால் பாட்டிலுகூட வரல சார். நீ கோச்சிக்கப் போறேன்னுதான் நானு, மாமனாரு, கொயுந்தனாரு எல்லாரும் ஒத்தாசை பண்ணோம்."

நடுவழியில் சோதனை

இரண்டாம் முறை அந்த வீட்டு வாசலிலேயே ஒரு நாள் முழுக்கக் காவல் உட்கார்ந்தேன். கால் பாட்டில்தான், ஆனால் கலப்பில்லாத சரக்கு. ஆஸ்பத்திரி ஜீப் பழுதாகிவிட்டதால் துணிப்பையில் வைத்துப் பஸ் ஏறினேன். மதுவிலக்குக் காலம். வழியில் பஸ்ஸை நிறுத்திய போலீஸ்காரர் நேராக என் பையை நோக்கி வந்தார். "டாக்டர்" என்றேன், நம்பவில்லை. கீழே கொட்டச் சொன்னார். இதைக் கொட்டினால் முனுசாமியின் கட்டிலையும் சேர்த்துக் கொட்டியதாகும். பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "வேண்டுமானால் முகர்ந்து பாருங்கள்" என்று கெஞ்சினேன்.

மூடியைத் திறந்து, நன்றாக மூச்சை இழுத்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மூடுய்யா சீக்கிரம்! இத்த தூக்கினு சுத்தறதுக்கா உங்கப்பன் உன்ன டாக்டருக்குப் படிக்க வச்சாரு?"

பதினோரு பேர்

இந்த முறை கணக்கு சரியாக வந்தது. முடிவைப் பார்த்த புரொபசர் அன்றைக்கே கட்டில் கொடுத்தார். ஆனால் மூன்றாம் நாள் முனுசாமிக்கு மூச்சு வாங்கியது. ரத்தம் அவ்வளவு குறைந்திருந்தது. உடனே ஏற்ற வேண்டும், சொந்தக்காரர் யாராவது ஒருவர் ரத்தம் கொடுங்கள் என்று தேசம்மாவிடம் சொல்லிவிட்டுக் கலங்கிப்போய் உட்கார்ந்தேன். ரத்தம் என்றதும் மாயமாகும் சொந்தக்காரர்களை எத்தனையோ பார்த்தாயிற்று.

மறுநாள் காலை முதல் ரயிலில் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். வார்டு முழுக்க மீன் வாசனை. நர்ஸம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். வரிசையில் முதல் ஆள் முனுசாமியின் தம்பி. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை நீட்டினான்: "எனுக்கு ஊசின்னாலே பேஜாரு சார். நான் கத்துனாலும் நிறுத்தாத, எங்கண்ணனுக்கு எவ்ளோ வேணுமோ எடுத்துக்கோ."

முனுசாமி பிழைத்து, வீக்கம் வடிந்து, வார்டிலிருந்து தன் காலாலேயே நடந்து ஊருக்குப் போனான். சிறுநீரகத்தைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடம் போதுமாக இருந்தது, அதை வைத்திருக்கும் ஆட்களைப் புரிந்துகொள்ளத்தான் பென்ஷன் வரும்வரை ஆயிற்று.