ஒரு மணி நேரச் சென்னை

எனக்கு ஒன்பது வயதில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அக்காவுக்குச் சென்னை மாப்பிள்ளையோடு கல்யாணம் முடிந்தது. அவர் முன்னதாகவே ஊர் திரும்பினார்.
2. அக்காவின் விசா வந்தது.
3. பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு டிக்கெட் கடையிலிருந்து, விமான நேரங்கள் அச்சிட்ட தாளை அத்தா கொண்டுவந்தார்.
4. நான் கணக்குப் போட்டேன்.

பினாங்கில் காலை ஒன்பதுக்குப் புறப்பட்டு, பத்துக்குச் சென்னையில் இறங்கும் என்று தாளில் இருந்தது. பத்தில் ஒன்பது போனால் ஒன்று. பாலத்தைத் தாண்டி சுங்கை பாக்காப்பில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போகவும் எங்களுக்கு ஒரு மணி நேரம்தான். சென்னைக் கடிகாரம் எங்களுடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுவது எனக்குத் தெரியாது. திரும்பும் விமானத்துக்கு ஆறு மணி நேரம் வந்தது. அதற்கும் காரணம் கண்டுபிடித்தேன்: மார்க்கெட் தெருக் கடைகளுக்குச் சேலையும் மசாலா மூட்டையும் ஏற்றி வருவதால் விமானம் மெதுவாக வருகிறது.

யாரும் என்னைத் திருத்தவில்லை. அத்தாவுக்கு அந்தக் கணக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

"சுங்கை பாக்காப் போறவளுக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய பெட்டி?" என்று அக்காவைச் சீண்டினார்.

"நீங்க சும்மா இருங்க லா," என்றார் அம்மா, ஜாதிக்காய் ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டே.

அக்கா புறப்படுவதற்கு முந்தின நாள், மழைக்கு முந்தைய மதியம். எங்கள் கெலுகோர் வீட்டு ஜன்னலில் வெளிச்சம் மங்கிக் கிடந்தது. கடலுக்கு மேலே தரையிறங்கும் விமானங்கள், தொட்டிக்குள் மீன் நகர்வதைப் போலச் சத்தமின்றிப் போயின. அக்கா மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, நான் போவட்டா?"

"போங்கக்கா. ஒரு மணி நேரந்தானே லா. ஸ்கூல் லீவு விட்டதும் நான் வந்துடுவேன்."

"நெஜமாவா?"

"நெஜந்தான். கணக்கு போட்டாச்சு."

அக்கா சிரித்தாள். பிறகு என் தோளில் நெற்றியைச் சாய்த்து வெகுநேரம் அப்படியே இருந்தாள். என் சட்டை ஈரமானது. வேர்வை என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவின் கை பாட்டிலின் மேல் அசையாமல் நின்றது.

விமான நிலையத்தில் அழாதது நான் மட்டும்தான். உற்சாகமாகக் கையசைத்தேன். வீட்டுக்கு வந்து, கடிகாரம் பத்தைத் தொட்டதும், "அக்கா எறங்கிட்டாங்க!" என்று அறிவித்தேன். அந்த நேரம் அவள் கடலுக்கு மேலே எங்கோ மேகங்களுக்கு நடுவில் இருந்திருப்பாள்.

"ஆமா, எறங்கியிருப்பா," என்றார் அத்தா, சுவரைப் பார்த்தபடி.

கணக்கில் இருந்த தவறு அடுத்த வருஷமே புரிந்துவிட்டது. 'போவட்டா' என்ற அக்காவின் கேள்வி புரியத்தான் மேலும் பத்து வருஷம் ஆனது. போக வேண்டாம் என்று ஒருவராவது சொல்வார்களா என்று வீடு முழுக்கப் பார்த்துவிட்டு, கடைசியாக அவள் என்னிடம் வந்திருக்கிறாள்.

அக்கா சென்னையில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். நான் கெலுகோரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்கிறோம். அந்த மதியத்தைப் பற்றி மட்டும் இருவரும் இதுவரை பேசியதில்லை.