மெக்கானிக்கின் மன அமைதி

லிஃப்ட் மெக்கானிக்கைக் கம்பெனியில் எல்லோரும் ‘தத்துவம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிறுதோறும் நூலகத்தில் தத்துவ வகுப்பு. நன்றாக வாழ்வது எப்படி என்பதுதான் பாடம். ஒரு வாரம்கூட விடாமல் போவார். போகட்டும், கேட்டதை மனதோடு வைத்துக்கொள்ளத் தெரிகிறதா மனுஷருக்கு? டீ ஆறிப்போனால் ஒரு தத்துவம், மழை பிடித்துக்கொண்டால் இன்னொன்று.

அவர் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி. கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை முடிவு தெரியும். அவள் சாப்பாட்டை அளைந்துகொண்டே, “தப்பா ஏதாச்சும் வந்துட்டா என்னங்க பண்றது?” என்றாள்.

“நம்ம கையில இல்லாததை நினைச்சு எதுக்கு மனசைக் கெடுத்துக்கறே? அமைதியா இரு.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அதன்பிறகு வீட்டில் பேச்சு மூச்சே இல்லை. இவரோ, நாம் சொன்னது நன்றாக ஏறிவிட்டது, அதான் அமைதியாகிவிட்டாள் என்று உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டார். அட அசட்டு மனுஷா!

வியாழக்கிழமை ஓர் அலுவலகக் கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண். ஆள் மாட்டிக்கொண்டிருந்தால், கருவியைத் தொடுமுன் கதவருகே உட்கார்ந்து பேசவேண்டும் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். பயத்தில் கதவை நெம்பிக்கொண்டு குதித்துவிடுகிறவர்கள் உண்டு. இவரும் உட்கார்ந்தார்.

“கயிறு அறுந்துடுமோன்னு பயமா இருக்குங்க” என்று உள்ளிருந்து அழுகுரல் வந்தது.

“பயமாத்தான் இருக்கும்மா. யாரா இருந்தாலும் பயப்படத்தான் செய்வாங்க. நீங்க பேசுங்க, நான் கேட்டுக்கிட்டிருக்கேன்.”

சொன்னவருக்கே சுருக்கென்றது. முன்பின் தெரியாத பெண்ணிடம் தானாக வந்த வார்த்தை வீட்டில் ஏன் வரவில்லை? வெட்கமாகிவிட்டது அவருக்கு. அந்தப் பெண்ணைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தார். மிச்ச வேலையைத் தன்னோடு வந்திருந்த இன்னொரு மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் கோத்துவைத்த பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“எனக்கு ரொம்ப பயமா இருக்கு. நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாது. அன்னிக்குச் சொன்னது உனக்கில்ல, எனக்கே சொல்லிக்கிட்டேன்.”

அவள் மடித்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? நான் போனாலும் உங்களுக்கு ஒண்ணுமில்ல போலன்னு நினைச்சுட்டேன்.”