பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு

இயேசுவை நம்புகிறேன் என்று ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை நான்காம் வகுப்பிலேயே மூச்சுவிடாமல் ஒப்பித்து, சபையில் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவள் நான். அந்தத் திமிரில்தான் சித்திக்கு வாத்தியாரானேன்.

சித்தி மாரண்டஹள்ளிப் பக்கத்துத் தெலுங்கு வீட்டுப் பெண். சித்தப்பாவைக் காதலித்துக் கட்டிக்கொண்டாலும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அவரும் எடு என்று சொல்லவில்லை. லாரி ஓட்டிய சித்தப்பா ஒருநாள் தொப்பூர் இறக்கத்தில் போய்ச் சேர்ந்தார். சபைக் கல்லறைத் தோட்டத்தில் அவருக்குப் பக்கத்தில் தனக்கும் இடம் வேண்டும் என்று சித்தி கேட்டாள். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். அதற்குப் பிரமாணத்தை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும், கேட்டால் அர்த்தமும் சொல்ல வேண்டும். சித்திக்கோ தமிழ் படிக்க வராது. இதெல்லாம் பெரியவர்கள் பேச்சு. எனக்குத் தெரிந்ததெல்லாம் சித்திக்கு ஒரு பரீட்சை என்பது மட்டும்தான்.

தக்காளி தரம் பிரித்துக்கொண்டே நான் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள். இயேசு "பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு" என்று வரும் இடத்தில் நின்றாள்.

"பாடுபட்டுன்னா என்ன கண்ணு?"

இதுகூடவா தெரியாது! "ஓயாம ஒழைக்கறது சித்தி. பிலாத்துதான் ஓனரு."

பரீட்சைக்கு நானும் கூடப் போனேன். போதகரும் மூன்று மூப்பர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லி முடித்தாள். எத்தனையோ சொற்கள் இருக்க, போதகர் சரியாக அந்தச் சொல்லுக்குத்தான் அர்த்தம் கேட்டார்.

"பிலாத்துகிட்ட ராப்பகலா ஒழைச்சாருங்க. எங்க வூட்டுக்காரராட்டம். கடைசியில உசுரே போச்சுங்க."

ஒரு மூப்பர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சொல்லிக்கொடுத்தது யார் என்று தெரிந்தால் டிபன் பாக்ஸைத் திருப்பி வாங்கிவிடுவார்களே! சித்தி என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"பிலாத்து, இயேசுவைச் சிலுவையில அறையச் சொன்ன அதிகாரி. பாடுன்னா வேதனைம்மா. ஒழைப்பு இல்ல" என்றார் போதகர் மெதுவாக.

"ரெண்டும் வேற வேறைங்களா ஐயா?"

அவள் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். போதகர் கையிலிருந்த புத்தகத்தை மூடிவைத்தார். பிறகு மூப்பர்களைக் கலந்துகொள்ளாமலே, அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம் என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் சித்தி என்னைக் கட்டிக்கொண்டாள். "எனக்கு எடம் கெடச்சிருச்சு கண்ணு."

வீட்டுமனை என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷம் தாங்கவில்லை. "எத்தன ரூம் கட்டுவீங்க சித்தி?"

"ஒண்ணு போதும். ரெண்டு பேருதானே."

சித்தப்பாதான் இல்லையே, இன்னொரு ஆள் யார்? வழியெல்லாம் யோசித்தேன். நானாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, அன்றைக்கே என் துணிமணிகளை ஒரு பையில் எடுத்து வைத்தேன்.