இடுப்பளவு கடல்

ஆற்றில் நீர் ஏறட்டும் என்று கொல்கத்தாவின் கிதிர்பூர் துறையிலேயே காத்து நிற்கிறது எங்கள் அந்தமான் கப்பல். போய் இறங்கியதும் எங்கே ஸ்நார்க்கலிங் செய்து மீன் பார்ப்பது என்ற வீட்டுச் சண்டை இங்கேயும் தொடர்கிறது. மகனுக்கு ஜாலி பாய் தீவுதான் வேண்டும். சின்னவளோ தண்ணீரில் முகத்தையே வைக்கமாட்டேன் என்கிறாள்.

பக்கத்துப் படுக்கைப் பெண்மணி போர்ட் பிளேரில் குடியிருக்கும் வங்காளி. அக்கம்பக்கத்தாரிடம் தமிழ் கற்றவர்.

"எதுக்கு ஜகடா, தீதி? சின்னதுக்குக் கால் எட்டுற இடமா பாருங்க. நார்த் பே போங்க, இடுப்பளவு தண்ணியிலயே மீன் வரும்."

எங்கள் வீட்டருகே கரியாஹாட் கடைத்தெருவில் வாங்கிய நீச்சல் கண்ணாடியைச் சின்னவள் முதல்முறையாகக் கையில் எடுக்கிறாள்.

"யார் இடுப்பு, மாஷி? உங்களுதா, என்னுதா?"

அவர் குனிந்து அவள் இடுப்பைத் தொட்டுக் காட்டுகிறார். கண்ணாடியை மாட்டி, கன்னத்தை உப்பவைத்து, அவள் மூச்சடக்குகிறாள்.

ஜாலி பாயை மறந்த அண்ணன் வங்காளத்தில் எண்ணுகிறான்: "ஏக்... துய்... தீன்..."