கறுப்புக் கரை

விடியுமுன் எல்லோரும் தூங்கும்போதே கிளம்பி, குன்றக்குடிக்குப் போய்விட்டு மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது, பேரன் வளவில், முற்றத்துத் தூணோரம் உட்கார்ந்து, சிங்கப்பூரில் இருக்கும் தன் அப்பாவுக்குப் பொங்கல் வாழ்த்து செய்துகொண்டிருந்தான். பானையும் கரும்பும் வரைந்து, அட்டையின் நான்கு ஓரத்திலும் கறுப்பாகக் கரை கட்டியிருந்தான். ஸ்கெட்ச் பேனாதான். எனக்கு மட்டும் விளக்கெண்ணெய் வாடை அடித்தது.

அறுபதுகளில், ஆறு வயதில், இதே வளவில் உட்கார்ந்துதான் பினாங்கிலிருந்த என் அப்பாவுக்கு, எங்கள் வழக்கில் அப்பச்சிக்கு, நானும் ஒரு வாழ்த்து அட்டை செய்தேன். விளக்கெண்ணெயில் குழைத்த அம்மாவின் கண்மையை எடுத்து ஓரமெல்லாம் பூசினேன். அம்மா பார்த்ததும் பிடுங்கிக்கொண்டாள்.

"இழவுக் கடுதாசிக்குல்ல கறுப்புக் கரை போடுவாக!"

மஞ்சளைக் குழைத்து அதன்மேல் தேய் தேயென்று தேய்த்தாள். மை போகவில்லை, பாசி நிறத்தில் இழுகியது.

"யாருடா உன்னைய இப்படிப் போடச் சொன்னது?"

"அப்பச்சிதான் சொன்னாக. இப்பத்தான், அந்தத் தூண்கிட்ட நின்னு."

அப்பச்சி கடைசியாக ஊருக்கு வந்துபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் தந்தி வந்தது. முந்தின நாளே அப்பச்சி போய்விட்டாராம்.

நான் பேரன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யாருப்பா கறுப்புப் போடச் சொன்னது?"

அவன் நிமிராமலே சொன்னான்: "நீங்கதானே ஐயா, காலையில அந்தத் தூண்கிட்ட நின்னு சொன்னீக."