செங்கோட்டையன் போட்ட பட்ஜெட்

நிதி மந்திரி பட்ஜெட் வாசிப்பதற்கு முன்பே, தன்னுடைய பட்ஜெட்டைக் குப்பண்ணன் டீக்கடையில் வாசித்துவிடுவார் செங்கோட்டையன். எல்லை தாண்டி மலையாள நாட்டுப் பக்கம், நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே அவருக்கு நெல் விவசாயம். எந்த வரியை எடுக்கலாம், எந்தச் செலவை வெட்டலாம் என்று அவர் ஆரம்பித்தால், சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அவசர வேலை வந்துவிடும்.

அந்த வருஷம் அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. பட்ஜெட் பற்றி மக்கள் கருத்துக் கேட்க டின்சி என்ற டி.வி. நிருபர் டீக்கடைக்கே வந்து இறங்கினாள். மற்றவர்கள் தலையைக் கோதிக்கொண்டிருக்கும்போதே செங்கோட்டையன் மைக் முன்னால் நின்றார்.

“கரண்ட் பில்லைப் பாத்தாலே ஷாக் அடிக்குதுங்க. வரியை வேற ஏத்தறாங்க. எதுக்குங்க? நட்டத்துல ஓடறதை எல்லாம் இழுத்து மூடுனாப் போதுமே! எங்கூருத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல ஏழே புள்ளைங்க. அதுக்கு டீச்சருக, கட்டடம், சாப்பாடு! அப்பறம் இந்த இலவசம். எவனுக்கும் எதையும் இலவசமாக் குடுக்கப்படாதுங்க!”

சாயங்காலம் அது டி.வி.யில் வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சமைப்பவள் அவர் மனைவி ராசம்மாள். முழுசும் பார்த்தாள். கண்கூடக் கொட்டவில்லை. அசந்துபோய்விட்டாள் என்று செங்கோட்டையன் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் டீ வரவில்லை.

“ஏம்புள்ள, டீ எங்க?”

“நட்டத்துல ஓடுச்சுங்க. இழுத்து மூடிட்டேன்.”

தலைக்கு மேலே ஃபேன் நின்றது. “ஒத்தை ஆளுக்கு எதுக்குங்க இத்தனை கரண்டு?” என்றாள் ராசம்மாள். “வயக்காட்டு மோட்டாரையும் நிறுத்திட்டு வந்துட்டனுங்க. அதுக்கு நாம காசு கட்டறதில்லையே. இலவசம் ஆகாதுன்னு நீங்கதான ஊரறியச் சொன்னீங்க!”

நெல்லுக்கு ஓடும் மோட்டாரின் கரண்ட் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொள்வது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கதிர் வரும் பருவம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்கு ஓடினார்.

மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரும்பினால் வீட்டில் அடுப்பு பற்றவைத்த அடையாளமே இல்லை. டீக்கடைக்குப் போனார். குப்பண்ணனுக்கும் வயல் உண்டு, அதே மாதிரி மோட்டாரும் உண்டு. “கடை மூடியாச்சுங்க” என்றார், பத்துப் பேர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே.

மத்தியானம் பசி தாங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கே போனார். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ராசம்மாள் அவரை ஏறிட்டும் பார்க்காமல், “வரிசையில உக்காருங்க” என்றாள். உட்கார்ந்தார்.

பக்கத்திலிருந்த பொடிசு மோனிஷா தாத்தா முறை வைத்துக் கேட்டாள்: “அப்பாரு, நீங்க எந்தக் கிளாஸு?”

“ஒண்ணாங்கிளாஸு, சாமி.”

தலைமை ஆசிரியை யோகப்பிரியா சிரிக்காமல் சொன்னார்: “சேந்துட்டீங்கன்னா எட்டுப் பேராயிருமுங்க. இன்னொரு ஏழெட்டுப் பேரு கிடைச்சா மேலிடத்துல மூடச் சொல்ல மாட்டாங்க, பள்ளிக்கூடம் பொழைச்சுக்கும்.”

மோனிஷா தன் முட்டையில் பாதியைப் பிட்டு அவர் தட்டில் வைத்தாள். 

அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை சேர்க்க மொபெட்டை எடுத்தார். ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிற வீடு ஒன்றையும் விடவில்லை. இங்கிலீஷ் மீடியத்துக்குப் பக்கத்து டவுன் சித்தூர் வரை வேனில் அனுப்புகிறவர்கள்தான் எல்லாரும். கோகுல்நாத் என்ற இளந்தகப்பன், “நேத்து மூடோணும்னு சொன்னீங்க?” என்று மடக்கினான்.

“சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். இப்பச் சரியாச் சொல்றேன், கேளு” என்று திண்டுக்கல் பூட்டு மாதிரி பிடித்துக்கொண்டார். தாய்மொழி, வேன் அலைச்சல், மாநிலக் கல்விச் செலவு, கடைசியில் ராசம்மாளின் பயறுக் கூட்டு வரை வந்தபோது கோகுல்நாத் கையெடுத்துக் கும்பிட்டான். “சேத்திடறனுங்க. நீங்க அடுத்த ஊட்டுக்குப் போங்க.”

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது பதினாறு பிள்ளைகள். மூடுகிற பேச்சு அதோடு அடங்கியது. பெற்றோர் சங்கத் தலைவராக அவரையே போட்டார்கள். வேறு யாரும் வாய் திறக்க இடமிருந்தால்தானே!

பிள்ளைகள் கூடியதில் சாதக் குண்டா போதவில்லை. பெரிதாக ஒன்று வேண்டுமென்று பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனவர், வரியை ஏற்றினாலும் பரவாயில்லை, பள்ளிக்கூடச் செலவில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று ஆரம்பித்தார். ஒன்று கேட்டவருக்கு இரண்டு குண்டா கொடுத்து, ஆட்டோவும் பிடித்து ஏற்றி அனுப்பினார்கள்.