சக்கரம் உருளக் கூடாத நாளில் ஆளந்திச் சாலை

புனேயில் என் முதல் காலை. விஷ்ராந்த்வாடியில் நாங்கள் குடிவந்த வீட்டு ஜன்னலைத் திறந்து, பால்காரர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பால்காரர் வரவில்லை. ஒன்பது கஜப் புடவையைக் கச்சமாகச் செருகிய ஓர் அம்மாள் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். வயது ஐம்பதுக்குக் குறையாது. ஹாண்டில்பாரில் இரண்டு பக்கமும் காய்கறிப் பை. குறுக்கே நின்ற எருமையைப் பார்த்து மணியடித்தார், எருமை விலகியது, அவர் போய்விட்டார். உள்ளே ஓடி அத்தானை எழுப்பினேன். அத்தான் என்பது என் கணவர். மாமா மகன் என்பதால் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் எனக்கு அவர் அத்தான்தான். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வருவதற்குள் இன்னும் மூன்று பெண்கள் சைக்கிளில் போய்விட்டார்கள். இந்த ஊரில் எல்லாரும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி படுத்துக்கொண்டார். அவர் எனக்கு ஒரு வருஷம் முன்பே வந்து, கிர்க்கியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தார். அதிர்ச்சியெல்லாம் அவருக்குத் தீர்ந்துபோயிருந்தது.

எனக்குத் தீரவில்லை. பாளையங்கோட்டையில் நான் பி.ஏ. படித்து, ஆசிரியர் பயிற்சியான பி.டி.யும் முடித்தவள். அப்படியிருந்தும், சுவரில் சாய்த்து வைத்திருந்த அண்ணனின் சைக்கிளில் ஒருநாள் ஏறி உட்கார்ந்ததற்காக அம்மா என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். சைக்கிள் நகரக்கூட இல்லை. அந்த நான் புனேக்கு வந்த ஆறாவது மாதத்தில் சைக்கிள் பழகினேன் என்றால் அதற்குக் காரணம் பக்கத்து வீட்டு சுனந்தா. என் வயதுக்காரி, வாய் ஓயாதவள். என்னை வஹினி, அதாவது மதினி என்றுதான் கூப்பிடுவாள். நான் விழுந்தபோதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தாள், ஆனால் பின்னால் பிடித்திருந்த கையை மட்டும் விடவில்லை. விட்டபோது சொல்லாமல் விட்டாள்.

அதன்பின் ஞாயிறு தவறாமல் கிளம்பிவிடுவோம். எரவாடா தாண்டி பண்ட் கார்டன் வரை முளா முட்டா ஆற்றை ஒட்டி ஒரு சாலை. ஆல விழுதுகள் தலையில் இடிக்கிற மாதிரி தொங்கும். இன்னொரு பக்கம் கிர்க்கி, தாபோடி வழியாக சாங்வி. அங்கே பவனா ஆறு முளாவில் வந்து சேரும் இடத்தில் காலை வெயில் தண்ணீரில் விழுந்து கண்ணைப் பறிக்கும். முதல் தடவை போனபோது நான் மாற்றுப் புடவையும் துண்டும் எடுத்துப் போயிருந்தேன். ஆற்றுக்குப் போகிறோம் என்றால் குளிக்கத்தானே? தாமிரபரணிக்குப் போய்விட்டு நனையாமல் வருகிற ஆளை நான் பார்த்ததில்லை. சுனந்தா சைக்கிளை மரத்தில் சாய்த்தாள், கரையில் உட்கார்ந்தாள், கடலை தின்றாள், ஆற்றைப் பார்த்தாள், போகலாம் என்றாள். இவ்வளவு தூரம் மிதித்து வந்தது இதற்குத்தானா என்று நான் திகைத்து நின்றேன். என் பையில் துண்டைப் பார்த்த அவள் இது எதற்கு என்று கேட்டாள். முகம் துடைக்க என்று சமாளித்தேன்.

எல்லாச் சாலையிலும் எனக்கு உயிர் ஆளந்திச் சாலைதான். வீட்டிலிருந்து கிளம்பி, சுங்கச் சாவடியான ஜகாத் நாக்காவைத் தாண்டினால் ஊர் முடிந்துவிடும். வலது பக்கம் திகிக் குன்றுகள், இரண்டு புறமும் சோளக்கொல்லை, கடைசி ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்றால் கீழே இந்திராயணி ஆறும் கோயில் கோபுரமும். ஆளந்தி ஓரத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலை காலி என்று சுனந்தாதான் விசாரித்துச் சொன்னாள். போய்ப் பார்த்தேன். தலைமையாசிரியைக்கு என்னைப் பிடித்துவிட்டது. ஆனால் நிர்வாகத் தலைவர் வேறு ஒரு பெண்ணை மனதில் வைத்திருப்பதாகவும், தசரா அன்று காலை பள்ளியில் நடக்கும் சரஸ்வதி பூஜைக்கு அவர் வருவார் என்றும், பூஜைக்கு வந்து அவர் முன்னாலேயே சேர்ந்துவிடு, வராவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொன்னார்.

அந்த வேலை கிடைக்காவிட்டால் நாங்கள் ஊர்ப் பக்கமே திரும்புவதாகப் பேச்சு. அத்தான் மெட்ராஸுக்கு மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். உனக்கு வேலை கிடைத்தால் இருப்போம், இல்லையென்றால் கிளம்புவோம் என்று என்னிடம் ஒப்புக்கொண்டிருந்தார். ஊருக்குப் போக எனக்கு ஆசையில்லாமல் இல்லை. ஆனால் அங்கே போனால் இந்தக் கால்கள் திரும்பவும் சும்மாதான் கிடக்கும் என்று தெரியும். அதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

ஊரிலிருந்து வந்த தினசரிக் காலண்டர்படி அன்றைக்கு ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமி. அத்தான் விடியலிலேயே இரண்டு சைக்கிளையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, சாமந்தி மாலை போட்டு, சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தினார். கூடவே அவர் பேனா, என் புத்தகங்கள், அரிவாள்மனை. சைக்கிள் சாவிகளையும் தட்டில் வைத்தாயிற்று. மறுநாள் மறுபூஜை செய்யும்வரை எதையும் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை அன்று காய்கூட அரிய மாட்டோம், முந்தின நாளே நறுக்கி வைத்துவிடுவோம். அலுவலகத்துக்கு அன்று விடுமுறை. தெருவில் எல்லார் வீட்டு சைக்கிளிலும் மாலை தொங்கியது. பரவாயில்லையே, இந்த வருஷம் இவர்களும் நம்மைப் போலவே ஆயுத பூஜை அன்றே மாலை போட்டுவிட்டார்களே என்று நான் சந்தோஷப்பட்டேன். நாளைக்கு உடுத்தப் புடவையை மடித்து வைத்துவிட்டுச் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன்.

சுனந்தா எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. இன்னுமா நீ கிளம்பவில்லை என்றாள். நாளைக்குத்தானே என்றேன். "ஆஜ் தசரா ஆஹே, வஹினி. ஆஜ்," என்றாள். இன்றைக்குத்தான்.

கரண்டி கையிலிருந்து விழுந்தது. நான் புனேக்கு வந்த வருஷங்களில் எல்லாம் நம் விஜயதசமியும் இவர்கள் தசராவும் ஒரே நாளில்தான் வந்தன. இந்த வருஷம் திதி குறைந்து இரண்டு பஞ்சாங்கமும் முட்டிக்கொள்ளும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நமக்குச் சக்கரம் உருளக் கூடாத அதே நாளில் இவர்கள் ஊர் எல்லையைத் தாண்டியே ஆக வேண்டும். சீமோல்லங்கன் என்பார்கள். படை கிளம்பிய காலத்து வழக்கமாம். ஆளந்தி பஸ் அப்போதுதான் போயிருந்தது. சுனந்தாவின் சைக்கிளை அவள் தங்கை எடுத்துப் போயிருந்தாள். நான் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

அத்தானுக்கு என் எண்ணம் புரிந்துவிட்டது. "பூஜையில வச்சத எடுக்கக் கூடாதுளா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரி சொன்னார். வேறு வழியில்லை என்றேன். "எடுத்தேன்னா, வருஷம் பூரா இந்த வீட்டுல என்ன நடந்தாலும் அது உன் தலையிலதான்," என்றார். சரஸ்வதி படத்தைப் பார்க்கக்கூட தைரியம் வரவில்லை. தட்டிலிருந்த சாவியை எடுத்தேன். அட்சதை அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

சந்தனம் காயாத ஹாண்டில்பார் உள்ளங்கையில் பிசுபிசுத்தது. மாலையிலிருந்து சாமந்தி உதிர்ந்து சக்கரக் கம்பிகளில் சிக்கியது. வழியெல்லாம் மாலை போட்ட லாரி, மாலை போட்ட டிராக்டர், கொம்பில் பூச்சுற்றிய காளைகள். ராணுவ வண்டியில்கூட மாலை. எல்லாமே ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டு ஞாயப்படி அத்தனையும் நிற்க வேண்டியவை. மழை முடிந்த காலம், திகிக் குன்று முழுவதும் மஞ்சள் பூ. இந்த லட்சணத்தில் அதை ரசிக்கவும் செய்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. கடைசி ஏற்றத்தில் நிற்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பூஜை முடிந்து பிள்ளைகள் பிரசாதம் தின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளைக் குல்லாய் வைத்த தலைவர் கிளம்ப எழுந்துவிட்டார். தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையிலேயே எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். தலைவர் என்னைப் பார்க்கவேயில்லை, என் சைக்கிளைப் பார்த்தார். சந்தனம், குங்குமம், பாதி உதிர்ந்த மாலை. மதராஸிப் பெண் ஆனாலும் நம் தசராவை எவ்வளவு முறையாகக் கொண்டாடுகிறாள், வண்டிக்குப் பூஜை செய்து எல்லை தாண்டி வந்திருக்கிறாள் பாருங்கள் என்று தலைமையாசிரியையிடம் மராத்தியில் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதைப் பாவம் என்று நடுங்கிக்கொண்டு வந்தேனோ அதையே அவர் என் தகுதியாக எடுத்துக்கொண்டார். விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். தலைமையாசிரியை கண்ணால் அடக்கினார். தலைவர் தங்கம் என்று சொல்லி ஓர் ஆத்தி இலையை என் கையில் வைத்தார். தசரா அன்று அங்கே ஆத்தி இலைதான் தங்கம். அங்கேயே கையெழுத்துப் போட்டு வேலையில் சேர்ந்தேன்.

திரும்பும்போது ஜகாத் நாக்காவுக்கு இந்தப் புறம், ஊருக்குள்ளே, வேப்ப மரத்தடியில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். வேட்டி முழங்கால் வரை புழுதி. பூஜையில் வைத்த தன் சைக்கிளைத் தொடாமல் இவ்வளவு தூரமும் அந்த வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். நான் இறங்கினேன். கிடைச்சுதா என்று கேட்டார். கிடைச்சுது என்றேன்.

"ஏறுங்க அத்தான்," என்றேன்.

"நான் இன்னைக்கு மிதிக்க மாட்டேன்."

"நீங்க மிதிக்காண்டாம். நான் மிதிக்கேன்."

முன்னும் பின்னும் பார்த்தார். வேட்டியோடு கால் போட்டு உட்கார முடியாது. கடைசியில், ஊரில் நம் பெண்கள் உட்காருவதுபோல ஒரு பக்கமாகவே கேரியரில் உட்கார்ந்து, சீட்டின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். வண்டி ஆடியது, பிறகு நேராகிவிட்டது. கொஞ்ச தூரம் போனதும், மாறுதலுக்கு எழுதிக் கொடுத்ததை நாளைக்கே திருப்பி வாங்கிவிடுகிறேன் என்று முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னார். எனக்குக் கண் நிறைந்து சாலை மங்கலாகிவிட்டது. துடைக்கக் கை எடுத்தால் இருவரும் விழுவோம்.

விஷ்ராந்த்வாடி வந்துவிட்டது. கடைகள், டீ குடிக்கிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் இந்தக் கோலத்தில் வந்திருந்தால் கடையை விட்டு இறங்கி வந்து வேடிக்கை பார்த்திருப்பார்கள், எங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரை சொல்லிச் சிரித்திருப்பார்கள். அத்தான் தலையைக் குனிந்தே வந்தார். தெரு முனை திரும்பும்போது மெல்ல நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார்.

"ஒருத்தனும் பாக்கலியேளா," என்றார்.

அந்தக் குரலில் இருந்தது நிம்மதியா, வருத்தமா என்று எனக்குப் புரியவில்லை. எனக்குள்ளும் இரண்டும் சேர்ந்தே வந்தன. நம்மை யாரென்று கேட்டு வேடிக்கை பார்க்க ஓர் ஆள்கூட இல்லாத ஊரில் இருந்துவிடுவதாக முடிவு செய்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. கால் மட்டும் நிற்காமல் மிதித்துக்கொண்டிருந்தது.